மாத்திரை செய்த வேலை

"உங்க மாத்திரை என் பொண்டாட்டிய என்னா பண்ணி வச்சிருக்குதுன்னு கேளுங்கம்மா!"

திண்டிவனத்தில் டாக்டர் ஜெயத்தின் ஆஸ்பத்திரிக்குள் மூச்சிரைக்க நுழைந்தான் ராஜவேலு. மரக்காணத்துப் பக்கம் கடலுக்குப் போகிறவன். முழங்கால் சிராய்ந்திருந்தது.

ஜெயம் கவலையோடு நிமிர்ந்தாள். ராஜவேலுவின் மனைவி வடிவுக்கு வயிற்றில் கட்டி வந்து, மதராஸில் கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் ஜெயத்திடம் வந்தாள். உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிச்சல், தூக்கமில்லை, காரணமில்லாத அழுகை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். பாவம், வாயில்லாப் பூச்சி என்று ஜெயம் நினைத்துக்கொண்டாள். சினைப்பையில் ஊற வேண்டிய சுரப்பு சட்டென்று நின்றுபோனதால் வந்த கோளாறு இது என்று விளக்கி, ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தாள். அந்த அறுபத்திரண்டாம் வருஷத்தில் அது அவளுக்கே புதுசு. அதை அவள் முதன்முதலில் நம்பி எழுதிக் கொடுத்தது வடிவுக்குத்தான்.

"மொதல்ல உக்காருங்க. ராத்திரி தூங்கறாங்களா?"

"நல்லா தூங்கறாங்க. எரிச்சலும் அடங்கிப்போச்சு."

"அழுகை?"

"அதுவும் நின்னுடுச்சு. ஆனா நேத்து..." ராஜவேலு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"தைரியமா சொல்லுங்க."

"நான்தாங்க மீன் கொழம்பு வச்சேன். ஒரு வாய் சாப்ட்டா. 'இது கொழம்பாய்யா, கடல் தண்ணியாய்யா?'ன்னு ஒரே கத்து! குப்பமே கூடிப்போச்சு."

"கத்தினாங்களா? வடிவா?"

"கத்துனதோட உட்டாளா? அகப்பையத் தூக்கிக்கினு வந்தா. நான் ஓட, அவ தொரத்த, கட்டுமரத்துல தடுக்கி உழுந்துட்டேன். வேடிக்கை பாத்த என் மச்சான் சவுரிராயனையும் உடல. 'என்னாடா பல்ல இளிக்கிற?'ன்னு அவனுக்கும் நல்லா கெடச்சுது."

ஜெயம் வடிவின் மருந்துச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். அளவு கூடிவிட்டதா? ஒரு சாதுவை இப்படி ஆக்கிவிட்டோமே!

"காலையில எப்படி இருந்தாங்க?"

"விடிஞ்சதும் மீன் கூடையத் தூக்கிக்கினு கெளம்பிட்டா. நானும் கூடவே வந்தேன். கூடைய பஸ்ஸுல ஏத்த மாட்டேன்னு கண்டக்டரு சொன்னாரு. அவ போட்ட சத்தத்துல அவரே எறங்கி வந்து ஏத்திவச்சாரு. இப்ப மார்க்கெட்டுல ஏவாரிங்க கூட சண்ட போட்டுக்கினு கீறா. இங்க வரைக்கும் கேக்குது பாருங்க."

கேட்டது.

ஜெயம் அவசரமாகப் பேனாவை எடுத்தாள். "பயப்படாதீங்க, ராஜவேலு. மாத்திரைய இன்னியோட நிறுத்திடலாம்."

ராஜவேலு பதறிப்போய் எழுந்தான். மேஜைக்கு மேலாக எட்டி, டாக்டரின் கையிலிருந்த பேனாவையே பிடித்துக்கொண்டான்.

"ஐயையோ, நிறுத்திடாதீங்கம்மா! கண்ணாலம் கட்டுன நாள்லேர்ந்து அவ இப்படித்தாங்க. மதராஸ் ஆஸ்பத்திரிலேர்ந்து நான் யாரோ ஒருத்தியத்தான் கூட்டிக்கினு வந்தேன். நேத்துதான் என் வடிவு ஊட்டுக்கு வந்து சேந்தா!"