வாசல் செட்டின் பட்டன்

எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். வாசல் செக்யூரிட்டி அக்பர் பாஷா தரவேண்டிய பாக்கி. தீபாவளி போனஸில் மொத்தமாகப் பிடித்துவிடலாம் என்று சண்முகவேல் அண்ணாச்சி பேனாவைத் திறந்த நேரத்தில், மேஜை மேலிருந்த வாக்கி டாக்கி கரகரவென்று பாஷாவின் குரலில் பேச ஆரம்பித்தது.

"நம்ம மொதலாளி மனசு இன்னான்னு உனக்குத் தெரியாது தாரணி. பாக்கத்தான் சிடுசிடுன்னு இருப்பாரு. உள்ள அப்டியே வெண்ணெ."

அண்ணாச்சி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதைச் செட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

தி.நகரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலு மாடி ஜவுளிக்கடை அவருடையது. வாசலுக்கும் முதலாளி அறைக்கும் மட்டும் தனி லைன். வாசல் செட்டுக்கு வயது பன்னிரண்டு. பேசுவதற்கு அமுக்குகிற பட்டன் தேய்ந்துபோய், அமுக்கினால் மேலே எழாமல் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். பேச்சு முடிந்தது என்று நினைத்து பாஷா செட்டை இடுப்பில் மாட்டிக்கொள்வார். அதற்கப்புறம் அவர் யாரோடு என்ன பேசினாலும் அண்ணாச்சியின் மேஜையில் வந்து கொட்டும்.

சித்திரை மாதம் இதைக் கண்டுபிடித்ததிலிருந்து அண்ணாச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. செட்டை ரிப்பேருக்கும் கொடுக்கவில்லை. கேமராவில் வாய் அசைவதுதான் தெரியும். வாய்க்குள் இருப்பது இதில்தானே தெரிகிறது.

முதல் மூன்று மாதம் வந்ததெல்லாம் வசவு. 'கஞ்சப் பிசினாறி' என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. ஆளை அன்றைக்கே விரட்டியிருப்பார். விரட்டினால் பாக்கி போய்விடும். கூப்பிட்டுத் திட்டினால் ஒட்டுக்கேட்டது வெளியே தெரிந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் வசவு கேட்டார்.

ஆடித் தள்ளுபடி சமயத்தில்தான் பாஷாவின் பேச்சு மாறியது. அந்த மாதம் அண்ணாச்சி வேலையாட்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் குஸ்கா வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு பொட்டலம் குஸ்காவுக்கு இத்தனை சக்தியா என்று அவருக்கே ஆச்சரியம்.

இப்போது செட்டில் பை கவுன்ட்டர் தாரணியின் குரல் வந்தது.

"நீ வேற பாஷாண்ணே. வெண்ணெயாம் வெண்ணெ. அந்தக் கெய்வன் ஒரு..."

செட்டு பட்டென்று அடங்கிவிட்டது. பழைய சாமான், வரும், போகும். அண்ணாச்சி தன் செட்டை இரண்டு தட்டுத் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து பாஷாவின் குரல் மட்டும் திரும்பி வந்தது.

"எம் பொண்ணு காலேஜ் ஃபீஸுக்கு சொந்தக்காரன் ஒருத்தனும் பத்து பைசா குடுக்கல. இவருதான் தூக்கிக் குடுத்தாரு. அத்த போனஸ்ல புடிச்சா புடிச்சிக்கட்டும். வூட்ல அடுப்பு எரியறதுதான் கஷ்டம். அதுக்கு அவர இன்னா சொல்றது. அந்த மனுசன் நூறு வருசம் நல்லா இருக்கணும்."

அண்ணாச்சி பேனாவை மூடினார். ஆள் விட்டு பாஷாவை மேலே வரச்சொன்னார்.

பாஷா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். அண்ணாச்சி பாக்கி நோட்டைப் பிரித்து, அவர் பெயரின் குறுக்கே சிவப்பு மையில் கோடு இழுத்துக் கையெழுத்துப் போட்டார். கடன் சீட்டை எடுத்து அவர் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

"போனஸ் முழுசா வரும்வே. போய் வீட்டுக்கு வேண்டியதப் பாரும்."

"எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?"

"எனக்கு எல்லாந் தெரியும். எப்படித் தெரியும்னு மட்டும் கேக்கப்பிடாது."

பாஷா கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு நெஞ்சு உறுத்தியது. இவ்வளவு நல்ல மனுஷன் பேசுவதையா ஆறு மாதமாகத் திருட்டுத்தனமாகக் கேட்டோம். இன்றோடு இந்தப் பாவத்துக்கு முடிவு கட்டிவிட வேண்டும். பாஷா இடுப்பிலிருந்த செட்டைக் கேட்டு வாங்கி மேஜையில் வைத்தார்.

"பட்டன் தேஞ்சு கெடக்கு. இன்னைக்கே சரிபண்ணிருவோம். குலாம் ரசூல் மூணாவது மாடியிலதான் இருக்காரு. நான் கூப்பிடுதேன்."

பாஷாவின் முகம் மாறியது. "சீசன்ல எதுக்கு அண்ணாச்சி. தீபாவளி முடியட்டும், நானே கடைக்கு எடுத்துக்கினு போறேன்."

"செலவப் பத்தி நீரு ஏன் கவலப்படுதீரு."

"இல்ல அண்ணாச்சி, வாசல்ல ஆள் இல்ல. நான் கெளம்பறேன்."

"இரும்வே. ரெண்டு நிமிசம்."

ராயப்பேட்டை மெக்கானிக் குலாம் ரசூல், மற்ற செட்டுகளுக்கு பேட்டரி மாற்ற வந்தவர், கையில் ஸ்குரூ டிரைவரோடு இறங்கி வந்தார். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். பாஷா தொப்பியை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கமாக நகர்ந்தார்.

குலாம் ரசூல் செட்டைக் கையில் வாங்கிப் பட்டனை அமுக்கினார், விட்டார். மறுபடி அமுக்கினார், விட்டார். ஒவ்வொரு தடவையும் பட்டன் டிக்கென்று துள்ளி மேலே எழுந்தது. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தார்.

"இந்தப் பட்டன பாஷா பாய் ஆடி மாசமே கைக்காசு போட்டு மாத்திட்டாரே அண்ணாச்சி."