வளைந்த கம்பி

மூக்குக்கண்ணாடிக் கடையின் கதவில் 'நங்'கென்று முட்டிக்கொண்டுதான் அந்த ஆள் உள்ளே வந்தார்.

'பட்டப்பகல்லயே ஏத்திக்கிட்டு வந்தாச்சு' என்று கடைக்காரம்மா மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

அவர் நீட்டிய மூக்குக்கண்ணாடியில், காதில் மாட்டும் கம்பி வளைந்து கிடந்தது.

"போன மாசமும் இதையேதானே கொண்டாந்தீங்க?"

"ஆமாம்மா. கை தவறிக் கீழ விழுந்துடுச்சு."

"கீழ விழுந்தா கீறல் விழும் சார். கன்னத்துல அறை விழுந்தாத்தான் கம்பி இப்படி வளையும். எத்தனை பொம்பளைங்களுக்கு நிமித்திக் குடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது போதாதா? கம்பியைச் சூடுகாட்டி நிமிர்த்திக்கொண்டே பிடிபிடியென்று பிடித்தாள்.

"படிச்சவங்கதானே? கை நீட்ட வெக்கமா இல்ல? வாங்கினவங்க வாயே திறக்க மாட்டாங்கங்கற தைரியம்தானே!"

"வெளிய சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கம்மா."

"யார் சிரிப்பா? நான் சிரிக்க மாட்டேன். அடி வாங்கினவங்களையே இங்க வரச் சொல்லுங்க. பக்கத்துல உக்காரவெச்சு நான் கேக்கறேன்."

வெடுக்கென்று கண்ணாடியை நீட்டினாள். காற்றில் ஒருமுறை துழாவித்தான் அது அவர் கைக்குக் கிடைத்தது. வாங்கித் துடைத்து, தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டார்.

"இப்பத்தாம்மா கண்ணு தெரியுது. வரும்போது கதவுகூடத் தெரியல."

உதடு வரைக்கும் வந்துவிட்ட சிரிப்பை அவசரமாக விழுங்கிவிட்டு, கடைக்காரம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சார்."