பச்சை வட்டாரம்

திரையில் விழுந்த வரைபடத்தில் அந்த மலை வட்டாரம் மட்டும் பச்சையாக இருந்தது. மக்கள் மருத்துவத்துக்குக் கைக்காசு செலவழிப்பது அங்கேதான் மிகக் குறைவு.

"நோய்நொடி இல்லாத ஊரு போல. அங்க புது ஆஸ்பத்திரி வேண்டாம்," என்றார் கூட்டத்தில் சுகாதாரத் துறைச் செயலாளர்.

அங்கே வீடுவீடாகக் கணக்கெடுத்தவள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி. அன்று வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒருத்தி, "செலவா? ஆஸ்பத்திரிக்குப் போனாத்தானம்மா செலவு. இந்தக் காலோட மலையிறங்க முடியுமா?" என்று சிரித்தாள். படிவத்தில் அதற்குக் கட்டமில்லை. செண்பகவல்லி சைபர் போட்டாள். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதே சைபர்.

இப்போது அவள் எழுந்து திரைக்கு முன்னால் வந்து நின்றாள். முகமெல்லாம் பச்சை வெளிச்சம்.

"ஐயா, அந்தச் சைபர்..."

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா," என்றார் செயலாளர். "படம் மறைக்குது."