கட்டாயமில்லாத சீருடை

சீருடை இனிக் கட்டாயமில்லை என்று பள்ளியில் சொன்ன பிறகும் ஒன்பதாம் வகுப்பு சங்கவி மட்டும் அதையே போட்டுக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். அம்மா எடுத்துவைத்த பட்டுப்புடவையைத் தொடாமல், நீலப் பாவாடையும் வெள்ளைச் சட்டையும் இரட்டைச் சடையுமாகக் காப்பித் தட்டோடு வந்து நின்றாள். தட்டை நீட்டியபோது சட்டையில் கொஞ்சம் காப்பி சிந்தியது.

மாப்பிள்ளையின் தாய் நிமிர்ந்து பார்த்தாள். “எத்தனாவது படிக்கிற?”

“ஒம்பதாவதுங்க.”

“பத்தொம்பது வயசுன்னுல்ல தரகர் சொன்னாரு?”

சங்கவியின் அப்பா தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

கார் போனதும் அம்மா கத்தினாள். “அதான் கட்டாயமில்லன்னுட்டாங்களே, ஏண்டி இதப் போட்ட?”

சங்கவி சட்டையை அலசிக் கொடியில் போட்டாள். காலைக்குள் காய வேண்டும்.