தவிட்டுக்கு வந்தவள்

மேலே மாடத்திலிருந்து பார்க்க எல்லாத் தலைகளும் ஒன்றுபோலவே இருந்தன.

சிவப்பு அங்கி. கறுப்புத் தொப்பி. இதில் எது தன் பெண் என்று அவளுக்குத் தெரியவில்லை.

பட்டுச்சேலைக்கு மேல் மகள் வாங்கித் தந்த கோட்டு. செருப்புக்குள் கம்பளிக் காலுறை. இந்தக் கோலத்தில் ஊரில் யாராவது பார்த்தால் ஒரு வாரம் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். தருமபுரியிலிருந்து மான்செஸ்டர் வரை வந்தது அவள்தானே, அவர்களா வந்தார்கள்?

மேடையில் ஒருவர் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் அங்கி எழுந்து நடந்தது. எங்கோ யாரோ கைதட்டினார்கள்.

மகள் என்ன படித்தாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. டாக்டர் பட்டம், அவ்வளவு தெரியும். இங்கிலீஷும் தெரியாது. மகளின் பெயர் ஒன்றுதான் அவளுக்குப் புரியும்.

அதிலும் மண்ணைப் போட்டுக்கொண்டது அவளேதான்.

போன மாதம் போனில் சொன்னாள், மேடையிலாவது நல்ல பெயராக ஒன்றைச் சொல்லச் சொல் என்று. மகள் சிரித்தாள். சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

மாற்றியிருந்தால்?

ஏதோ ஒரு பெயரை வாசிப்பார்கள். மகள் எழுந்து நடப்பாள். பெற்றவள் யார் வீட்டுப் பெண்ணோ என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

குப்பம்மாள்.

மூன்று பிள்ளைகள் தங்காமல் போன பிறகு வந்தவள். பிறந்த அன்றே முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டு அங்கம்மா ஓடி வந்து எடுத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு படி தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கினார்கள். இது பெற்றது இல்லை. குப்பையில் கிடந்தது, தவிட்டுக்கு வந்தது. எமன் கேட்டுக்கொள்ளட்டும். குப்பையைக் கொண்டுபோய் அவன் என்ன செய்வான்?

முதல் மூன்றுக்கும் அழகான பெயர்களைத்தான் வைத்திருந்தாள்.

அதன் பிறகு, உன் பெண்ணா என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான். தவிட்டுக்கு வாங்கியது. பள்ளியில் சேர்த்தபோதும் அதையே சொன்னாள். பத்தாம் வகுப்பில் முதலாவதாக வந்தாள் என்று தெருவே கூடி நின்றபோதும் அதையே சொன்னாள். உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தாள். வெளியே காட்டவில்லை. காட்டினால் அவன் பார்த்துவிடுவான்.

இன்று காலை பஸ்ஸில் வரும்போது மகள் கூடப் படித்த ஒருவனைப் பற்றிச் சொன்னாள். நைஜீரியாக்காரன். பெயர் கொசோகோ. அவர்கள் பேச்சில் மண்வெட்டி இல்லை என்று அர்த்தமாம்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயரைப் பார், மண்வெட்டியாம்!

மகள் மிச்சத்தையும் சொன்னாள். அவனுக்கு முன்னால் பிறந்தவை தங்கவில்லையாம். போய்விடாதே, உனக்குக் குழி தோண்ட எங்களிடம் மண்வெட்டி இல்லை. அப்படிச் சொல்லி அம்மா வைத்த பெயராம்.

அதற்குப் பிறகு இறங்கும்வரை அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். அங்கேயும் ஒருத்தி. அங்கேயும் இதே கள்ளத்தனம். எத்தனை ஊர் அம்மாக்கள் சேர்ந்து அந்த எமனை ஏய்த்திருக்கிறார்கள்! நினைக்க நினைக்கப் பெருமையாக இருந்தது.

"கொசோகோ" என்றார் மேடையில் நின்றவர்.

மாடத்திலேயே, அவளுக்கு முன்வரிசையில் ஓர் அம்மாள் துள்ளி எழுந்தாள். தலையில் கோபுரம்போல உயர்த்திக் கட்டிய நீலத் துணி. கூவினாள். கைதட்டினாள். கூடமே திரும்பிப் பார்த்தும் உட்காரவில்லை. மகன் மேடையைக் கடந்து இறங்கும்வரை கூவிக்கொண்டே இருந்தாள்.

இவளுக்குப் பயமே இல்லையா?

மேடையில் நின்றவர் அடுத்த பெயர்ச்சீட்டைப் பார்த்தார். கொஞ்சம் தயங்கினார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டார்.

"குப்... பம்... மாள்."

மாற்றவில்லை.

அந்தக் கழுதை மாற்றவே இல்லை!

ஓர் அங்கி எழுந்தது. இப்போது தொப்பியாவது அங்கியாவது, நடையிலேயே தெரிந்துவிட்டது. குதிகாலை ஊன்றி ஊன்றி வைக்கும் அதே நடை. நிமிர்ந்து போனாள். சபை முழுக்கத் தட்டியது.

தான் எழுந்து நிற்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. உள்ளங்கை எரியத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நீலத் துணி கட்டிய அம்மாள் திரும்பினாள். மேடையைக் காட்டினாள். அவளைக் காட்டினாள். சிரித்துக்கொண்டே என்னவோ கேட்டாள்.

பாஷை புரியவில்லை. கேள்வி புரிந்தது. காலம் காலமாகக் கேட்ட கேள்விதான்.

பழக்கத்தில் அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள்.

"எம் பொண்ணு."

கைதட்டலில் அந்த அம்மாளுக்குக் கேட்கவில்லை. காதருகே கையைக் குவித்துக்கொண்டு குனிந்தாள்.

கைதட்டல் அடங்கிக்கொண்டிருந்தது. அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

"நான் பெத்த பொண்ணு!"

கீழே வரிசையில் இருந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்தார்கள். மகளும் பார்த்தாள்.

அவனுக்கும் கேட்டிருக்கும்.