கடைசிப் பந்தி

புளிப்பு தொண்டைக்கு ஏறியதும் அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

நெஞ்சுக்குழியில் மிளகாய் அரைத்து அப்பிய மாதிரி எரிந்தது. சாப்பிட்ட சட்னி வாய்வரை வந்து நின்றது. அரைத்து எடுத்தபோது நல்ல சட்னிதான்.

பக்கத்தில் அவள் புருஷன் மல்லாந்து கிடந்து குறட்டை விட்டான்.

மகராஜன். நெய் ஒழுக ஒழுகத் தோசை, கெட்டிச் சட்னி, அதற்கு மேல் ஒரு டம்ளர் பால். படுத்தான், தூங்கிப்போனான். ஒரு ஏப்பம்கூடக் கிடையாது. கல்லைத் தின்றாலும் செரிக்கிற குடலை ஆண்டவன் பார்த்துப் பார்த்து இவனுக்குத்தான் கொடுத்திருக்கிறான்.

அவள் தலையணையைச் சுவரில் நிறுத்திச் சாய்ந்தாள். கண் சொக்கினால் உடம்பு சரியும். சரிந்தால் புளிப்பு ஏறும். ஏறினால் எழுந்து உட்கார வேண்டும். மாசக்கணக்கில் இதுதான் அவள் தூக்கம்.

பகலில் அரிசி களையும்போது நின்றபடியே தூங்கினாள். போன வாரம் கொதிக்கிற குழம்புக்குள் கை போகப் பார்த்தது. இன்னும் கொஞ்ச நாள் இப்படிப் போனால் எங்கேயாவது விழுந்து கிடப்போம் என்று அவளுக்குப் பயமாகவே இருந்தது.

அவன் வைத்தியம் பார்க்காமல் இல்லை. சோடா வாங்கி வந்தான். ஓமத்தண்ணி குடி என்றான். சீரகத்தை மெல்லு என்றான். எல்லாம் வாயுத்தொல்லைதான், நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும் என்றான். பெயிண்ட் கடையில் நாள் பூராவும் ஸ்டூலை விட்டு இறங்காதவன், வீட்டுக்குள் நிற்க நேரமில்லாதவளை நடக்கச் சொன்னான்.

கடைக்கு வந்த யாரோ சொன்னார்கள் என்று ஒருநாள் செங்கல் கொண்டுவந்தான். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அண்டை கொடுத்தான். அன்று ராத்திரி இரண்டு பேரும் கால்மாட்டுக்குச் சறுக்கிக்கொண்டே கிடந்தார்கள். விடிந்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது என்று முனகினான், அவன். செங்கல் கொல்லைக்குப் போனது.

அவள் நெஞ்செரிச்சல் போகவில்லை. அதை யார் கேட்டார்கள்.

காலையில் டாக்டரம்மாவிடம் போனார்கள்.

உள்ளே நுழைந்ததும் நோயாளி நாற்காலியில் அவன் உட்கார்ந்துகொண்டான். அவள் நின்றாள். டாக்டரம்மா இன்னொரு நாற்காலியைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார்.

“ராத்திரி எத்தன மணிக்கும்மா சாப்பிடுவீங்க?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

“அதெல்லாம் கரெக்டா ஏழு ஏழரைக்குச் சாப்ட்ருவா மேடம்.”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

பொய் சொல்கிற முகம் இல்லை. மனசார நம்பித்தான் சொன்னான். பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இத்தனை கேவலமாகத் தோன்றியிருக்காது.

கடையடைத்து அவன் வர ராத்திரி பத்தரை ஆகும். சுடச்சுடச் சுட்டுப்போட வேண்டும். அவன் கை கழுவிக்கொண்டு டிவி முன்னால் போய் விழுந்த பிறகு, மிச்ச மாவை ஊற்றி, ஆறிய சட்னியை வழித்துப்போட்டு, அடுக்களைத் தரையில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். சாப்பிட்ட கையோடு படுக்கை.

புருஷனுக்கு முந்திச் சாப்பிடுகிற வீடு விளங்காது என்று மாமியார் சொல்லிவைத்தது. மாமியார் போய்ச் சேர்ந்தாயிற்று. மகளையும் காலேஜ் ஹாஸ்டலில் விட்டாயிற்று. இத்தனை வருஷத்தில், இவள் எப்போது சாப்பிடுகிறாள் என்று அவன் ஒருநாள் யோசித்ததில்லை. ஆள்தான் நடமாடுகிறாளே, சாப்பிடாமலா இருப்பாள்.

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். சாப்பிட்ட உடனே படுக்கக்கூடாது, நடுவில் மூன்று மணி நேரமாவது இருக்க வேண்டும் என்றார்.

“நல்லாக் கேட்டுக்கோ” என்றான் அவன்.

அவள் கேட்டுக்கொண்டாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. அவன் நாற்காலியில் கால் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.

பொழுது சாய்ந்து விளக்கேற்றியதும் அவள் தட்டை எடுத்தாள். அவித்த இட்லியில் முதல் ஈடு. அப்போதுதான் அரைத்த சட்னி.

அடுக்களைத் தரையில் உட்காரவில்லை. ஹாலுக்கு வந்தாள். மேசை முன்னால், அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

கை கொஞ்சம் தயங்கியது.

அவளுக்கு எழுத, கரண்டி பிடிக்க, கோலம் போட எல்லாம் வலது கைதான். சின்ன வயசில் அடித்துப் பழக்கியது. சோறு மட்டும் அந்தக் கையில் பழகவே இல்லை. கல்யாண வீடுகளில் அதனால் நாலு பருக்கையைப் பிசைந்து, இரண்டு வாய் வைத்து, போதும் என்று எழுந்துவிடுவாள். கொறிச்சுத் தின்கிற பெண் என்று அவன் சொந்தக்காரர்களிடம் நல்ல பெயர். ஆளில்லாத அடுக்களையில்தான் அவளுக்கு வயிறு நிறையும்.

போதும் என்று இருந்தது அவளுக்கு. இட்லியை விண்டாள். சட்னியில் தொட்டாள். வாயில் வைத்தாள்.

அவன் டிவியிலிருந்து கண்ணை எடுத்தான். எனக்கு எங்கே என்று கேட்கத்தான் வாயைத் திறந்தான். கேட்கவில்லை. அவள் கையையே பார்த்தான்.

“என்னடி இது, பீச்சாங்கையாலயா சாப்பிடுற? எப்பருந்து?”

அவள் நிதானமாக மென்றாள். விழுங்கினாள். அடுத்த இட்லியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“பொறந்ததுலருந்து” என்றாள்.