வலது மூலை

அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் ஆறு வினாடிகள்தான் பாக்கி. நாங்கள் நாலு புள்ளி பின்தங்கியிருந்தோம்; எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைப் பிடித்தால் ஆறு புள்ளி. ஹெல்மெட்டுகள் உரச வட்டமாகக் குனிந்து நின்றோம்.

"டேரியன், வலது மூலைக்கு ஓடு. பந்து வந்துரும்" என்றான் கார்சன்.

எங்கள் அணியில் பந்தை எறிபவன் அவன், ஓடிப் பிடிப்பவன் நான். நாலு வருஷமாக நான் போய் நின்ற இடத்துக்கு அவன் பந்து வராமல் இருந்ததில்லை.

தடியன் பூன் என் ஹெல்மெட்டைப் பிடித்து உலுக்கினான். "வலதுடா! சொதப்பினே, ஊருக்குள்ள தலைகாட்ட முடியாது!"

அதுவரை இருந்த தைரியம் போய், பதட்டம் வந்துவிட்டது.

விசில் ஊதியதும் ஓடினேன். மூலையை எட்டியபோதுதான் உறைத்தது. அது இடது மூலை!

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஆட்கள் வலப்பக்கம் ஓட, எதிரணி மொத்தமும் அவர்கள் பின்னால். கார்சனின் பார்வையும் அங்கேதான். தொலைந்தேன் என்று நினைத்தேன்.

பார்வையைத் திருப்பாமலே அவன் எறிந்த பந்து, நேராக என் நெஞ்சில் வந்து விழுந்தது. இறுக அணைத்துக்கொண்டேன். ஜெயித்துவிட்டோம்!

கார்சன் ஓடிவந்து என்னைத் தூக்கினான்.

"மன்னிச்சுக்கடா, பக்கம் மாறி ஓடிட்டேன். என்னை எப்படிடா கவனிச்சே?"

"யாரு கவனிச்சா? பதட்டம் வந்தா நீ மாத்தித்தான் ஓடுவே. அதான் உனக்கு மட்டும் எப்பவும் மாத்திச் சொல்றேன்."

"நாலு வருஷமாவா?"

பின்னாலிருந்து பூன் என் முதுகில் தட்டினான். "இன்னிக்கு நீ ரொம்பத் தைரியமா இருந்தியா, எனக்குப் பயம் வந்துருச்சு. அதான் புடிச்சு உலுக்கினேன்."